ஆட்டுக்குட்டி மூவாயிரம் தாண்டிய மதியம்

அந்த ஆட்டை என் போனுக்குள் ஏற்றிவிட்டவர் என் கணவர்தான். அதற்குப் பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் தொடங்கி வைத்தவர் அவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் எனக்கு மூன்றாவது முறையாகக் கரு வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் வளர்த்த கருவை உள்ளே வைத்துவிட்டுப் பதினான்கு நாள் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். தங்கியதா இல்லையா என்பது அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை நாம் செய்ய ஒன்றுமில்லை. வேளைக்கு மருந்து, மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு. முதல் இரண்டு முறையும் தங்கவில்லை. எனக்கு முப்பத்தொன்பது முடிந்திருந்தது. இந்த மூன்றோடு நிறுத்திவிடுவது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். பேசி வைத்திருந்தோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நான் சொன்னேன், அவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

முதல் இரண்டு முறையும் அந்தப் பதினான்கு நாட்களை நான் போனில் தேடித் தேடியே கழித்திருந்தேன். ஆறாம் நாள் இடுப்பு வலித்தால் என்ன அர்த்தம், எட்டாம் நாள் வலி நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருக்கும் பெண்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். வலித்தவர்களில் சிலருக்குத் தங்கியிருக்கும், சிலருக்குத் தங்கியிருக்காது. வலிக்காதவர்களுக்கும் அப்படியேதான். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடும், ஆனாலும் கை நிற்காது. அதனால்தான் இந்த முறை வீட்டுக்கு வந்த முதல் நாளே அவர் என் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கூகிள் பக்கம் போகாத, ப்ளீஸ். கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னா இத விளையாடு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்ப இதான் போட்டுக் குடுத்தேன். சூப்பரா டைம் போகுதுன்னாங்க லா."

அவர் இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து ஆங் மோ கியோ பகுதியில் வளர்ந்தவர், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும். நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி சிங்கப்பூருக்கு வந்து ஒன்பது வருடம். சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் ஆவணங்கள் சரிபார்க்கும் வேலை. போனில் விளையாடுபவர்களைப் பார்த்தால் அதுவரை எனக்கு இளக்காரம்தான். கழுத்துப்பட்டை கட்டிய பெரிய மனிதர்கள் ரயிலில் நின்றபடி கலர் கலராக மிட்டாய் அடுக்குவதைப் பார்த்து மனதுக்குள் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன்.

விளையாட்டு என்று சொல்லிக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டி, நெற்றியில் ஒரு கறுப்புப் புள்ளி. அது தன்பாட்டுக்குக் குதித்துக்கொண்டே இருக்கும். போனை இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கப் பாறைக்குத் தாவும், வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கப் பாறைக்கு. மேலே போக வேண்டும், அங்கிருந்து இன்னும் மேலே. சில பாறைகள் கால் பட்டதும் பொடிந்துவிடும், சில பாறைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். தவறினால் "மே" என்று கத்திக்கொண்டு ஆடு கீழே போய் மறையும். உச்சி என்று ஒன்று கிடையாது, ஜெயிப்பது என்பதும் கிடையாது. எவ்வளவு உயரம் போனோம் என்று ஓர் எண் வரும். அதற்குக் கீழே ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால் அடுத்த நொடி ஆடு பழைய பாறையில் நின்று குதிக்கத் தொடங்கிவிடும்.

அந்த ஒரு நொடிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் முறை தங்கவில்லை என்று தெரிந்த பிறகு மறுபடி தொடங்க எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. படிவங்கள், பரிசோதனைகள், வயிற்றில் ஊசி, லீவு கேட்க மேலாளரிடம் ஒரு பொய் என்று எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்ய வேண்டும். இந்த ஆட்டுக்கு ஒரு நொடி போதும். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. போனுக்குள் இருக்கும் ஆட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாளுக்குள் நான் முழுதாக விழுந்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு முறை என்று உட்கார்ந்தால் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். தோசைக்கல்லில் தோசை கருகும் வாசனை வந்த பிறகுதான் நான் தோசை ஊற்றியதே ஞாபகம் வரும். மாடிப்படி ஏறாதே, அதிர்ந்து நடக்காதே என்று திருச்சியிலிருந்து அம்மா தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வழக்கம்போல் நடமாடலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனாலும் நான் பொம்மை மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தேன். எனக்கும் சேர்த்து ஆடு குதித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் மருந்து வாங்கிவிட்டு வரும்போது புக்கிட் பாஞ்சாங் ஸ்டேஷனில் எல்ஆர்டி ஏறினேன். எங்கள் வீட்டுக்கு நான்கு நிறுத்தம்தான். அது வட்டமாகச் சுற்றிவரும் குட்டி ரயில். அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும்போது உள்ளே இருப்பவர்களின் மானம் போகக்கூடாது என்று ஜன்னல் கண்ணாடி தானாகப் பனி மூடினாற்போல் ஆகிவிடும். கண்ணாடி மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. நான் தலை நிமிரவில்லை. ரயில் முழுச் சுற்றும் சுற்றி ஏறிய ஸ்டேஷனுக்கே வந்து நின்றபோதுதான் நிமிர்ந்தேன். சரி, இந்த முறை ஒழுங்காக இறங்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதும் ஆடு எழுநூறைத் தொட்டுக்கொண்டிருந்தது, நான் இறங்கவில்லை.

இதுவரைக்கும் வெறும் பைத்தியம்தான், யாருக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் ஆரம்பித்தது ஆறாம் நாள், குக்கரில்.

பருப்பு வைத்துவிட்டு அடுப்பருகே நின்று விளையாடிக்கொண்டிருந்தேன். முதல் விசில் வந்தது. சட்டென்று மனதுக்குள் ஒரு குரல், "மூணாவது விசிலுக்குள்ள ஐநூறு தாண்டினா, தங்கும்" என்றது. யாருடைய குரல் என்று கேட்காதீர்கள், என்னுடையதுதான். இரண்டாவது விசில் வரும்போது ஆடு நானூற்று இருபதில் இருந்தது. மூன்றாவது விசில் வருவதற்குள் ஐநூற்றுப் பத்து. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் சமையலறையில் கைகூப்பி நின்றேன்.

எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று தெரியாவிட்டால், வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். அங்கே நிற்கும் ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டியது. சிங்கப்பூர் மாப்பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று என் வீட்டில் பூக்கட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். வெள்ளை வந்தது, நான் வந்தேன். எம்.காம். படித்தவள்தான், கப்பல் ஆவணத்தில் ஒரு புள்ளி தவறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் பூ விஷயத்தில் என் படிப்பு வாயைத் திறந்ததே இல்லை.

பூப்பொட்டலத்தில் ஒரு நல்ல விஷயம், ஒரு தடவைதான் எடுக்க முடியும். வந்தது வந்ததுதான், சாமி முன்னால் போய் இன்னொரு தரம் எடுத்துப் பார்க்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை. ஆட்டிடம் அந்தக் கட்டுப்பாடு இல்லை, பச்சைப் பொத்தான் இருக்கிறதே. ஐநூறு தாண்டிய சந்தோஷம் சாப்பிட்டுக் கை கழுவும்வரைகூட நிற்கவில்லை. ஐநூறு ரொம்பச் சுலபமாக வைத்துவிட்டோமோ என்று சந்தேகம். ஆயிரம் தாண்டினால்தான் நிஜம் என்று மாற்றினேன். தொள்ளாயிரத்து நாற்பதில் விழுந்தது. கை வேர்த்துவிட்டது, இது கணக்கில் சேராது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்து ஆயிரத்து நூறு வந்ததும் அப்பாடா என்று இருந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி சந்தேகம். நல்ல பதில் வந்தால் நம்பிக்கை வரவில்லை, கெட்ட பதில் வந்தால் ஒப்புக்கொள்ள மனமில்லை. இப்படிப்பட்டவள் எப்போது போனைக் கீழே வைப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஆங் மோ கியோவில் மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. அவருக்கு இந்தச் சிகிச்சை எதுவும் தெரியாது. இந்த முறை மட்டுமில்லை, முந்தைய இரண்டு முறையும் தெரியாது. நான்தான் சொல்லக்கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஒன்பது வருடத்தில் அத்தை என்னிடம் ஒருநாள்கூடக் குழந்தையைப் பற்றிக் கேட்டதில்லை. திருச்சியில் தெருவில் போகிறவர்கள்கூடக் கேட்பார்கள். இவர் கேட்காதது எனக்குப் பெரிய கோபமாகப் பட்டது. கேட்கக்கூடப் பிடிக்காத அளவுக்கு என்மேல் வருத்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அத்தை முப்பது வருடம் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேச மாட்டார். அன்றைக்கு அன்னாசிப்பழப் பச்சடி செய்திருந்தார். கர்ப்பத்துக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் அன்னாசியையும் பப்பாளியையும் தொட விடுவதில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி ஒதுக்கினேன். அத்தை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அந்தக் கிண்ணத்தை மகன் பக்கமாக நகர்த்தி வைத்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் நினைப்பெல்லாம் சாப்பாடு முடிந்ததும் ஆட்டைத் திறப்பதிலேயே இருந்தது.

சாப்பிட்டு முடித்து சோபாவுக்கு வந்தால், எனக்கு முன்னால் அத்தை ஆட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, ஆடு சாயும் பக்கமெல்லாம் தானும் சாய்ந்தார். இருபத்திரண்டில் விழுந்தது. சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். முப்பத்தைந்தில் விழுந்தது. அதற்கும் அதே சிரிப்பு.

"உங்க ஹையஸ்ட் என்ன அத்தை?"

"என்ன ஹையஸ்ட்?"

"மேல வருதே நம்பர், அது."

"அதுவா? ரொம்ப நாளா அத மணின்னு நெனச்சேன்மா. மணி தப்பா காட்டுதேன்னு பாத்தா, உன் வீட்டுக்காரன் இல்ல லா, அது ஸ்கோர்னான்." மறுபடி பொத்தானை அழுத்தினார். "எனக்கு ஸ்கோர் எல்லாம் வேணாம். குட்டி குதிக்கறது நல்லாருக்கு, அதான்."

அவருடைய அதிகபட்சம் எண்பத்தாறு. ஆறு மாதமாகத் தினமும் விளையாடுகிறார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஸ்கோர் வேண்டாதவர் எதற்காக ஓயாமல் விழுந்து எழுந்துகொண்டிருக்க வேண்டும் என்று மனதுக்குள் கறுவினேன். அன்றைக்கு என் அதிகபட்சம் இரண்டாயிரத்து அறுநூறு. அதை அவரிடம் காட்டவும் செய்தேன். "அடேங்கப்பா, கெட்டிக்காரி" என்று கன்னத்தைத் தட்டினார்.

பதின்மூன்றாம் நாள் வியாழக்கிழமை. மறுநாள் காலை பரிசோதனை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் ரயில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். சிராங்கூன் ரோட்டு அம்மனைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். காய்கறிக் கடைகளைத் தாண்டி, முருங்கைக்காய்க் கட்டுகளையும் வாழையிலைகளையும் தாண்டிக் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தால் கதவு சாத்தியிருந்தது. மதியம் நடை சாத்துவார்கள் என்பது ஒன்பது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆட்டு ஞாபகத்தில் அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது.

"நாலு மணிக்குத்தான்மா தொறப்பாங்க," என்றார் பூக்கடை அக்கா, மாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்தில் நிழலாக இருந்த ஒரு படியில் உட்கார்ந்தேன். சாத்திய கதவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னேன். "அம்மா, இதான் கடைசி. இனிமே மாத்த மாட்டேன். இன்னிக்கு மூவாயிரம் தாண்டினா தங்கிடுச்சுன்னு அர்த்தம். தாண்டலன்னா நானே வாய மூடிட்டுப் போயிடறேன்."

முதல் ஆட்டம் அறுபதில் போனது. அது கை பழக என்று அம்மனிடம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது ஆட்டத்தில் ஆடு விழவே இல்லை. ஆயிரம் தாண்டியது தெரியவில்லை. இரண்டாயிரத்தில் பாறைகள் எல்லாம் என் விரல் அளவுக்குச் சிறுத்துவிட்டன. பஸ் சத்தம், மசாலா அரைக்கும் வாசனை, பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்த தொழிலாளியின் குரல் எல்லாம் விலகிப் போய்விட்டன. நான் மூச்சு விட்டேனா என்றுகூட ஞாபகமில்லை. மூவாயிரத்து நான்கு. மூவாயிரத்து ஐம்பது. அதற்கு மேல் போதும் என்று நானே போனைச் சாய்த்துவிட்டேன். ஆடு கத்திக்கொண்டே விழுந்தது. எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. உலகத்திலேயே அவ்வளவு சந்தோஷமானவள் அந்த நிமிடம் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

நடை திறக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து அத்தைக்குப் போன் போட்டேன். ஏன் அவருக்குப் போட்டேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கணவருக்குப் போட்டிருந்தால் நாளைக்குத்தானே டெஸ்ட் என்று கேட்பார். அம்மாவுக்குப் போட்டிருந்தால் டாக்டர் எப்போது பார்த்தார் என்று கேட்பார். எதுவும் கேட்காத ஒருவர் அத்தைதான். அதோடு, ஒன்பது வருடமாக அவர் கேட்காத கேள்விக்கு ஒரே வீச்சில் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற வீம்பும் இருந்தது.

"அத்தை, நல்ல செய்தி. ஆஸ்பத்திரியில ட்ரீட்மென்ட் எடுத்தேன். குழந்தை தங்கிடுச்சு."

"இரு" என்றார். போனை எங்கேயோ வைக்கும் ஒலி. கொஞ்ச நேரத்தில் சாமி அலமாரியில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் குரல் உடைந்திருந்தது.

"டாக்டர் சொல்லிட்டாங்களாம்மா?"

கேட்கவே மாட்டார் என்று நினைத்தவர் கேட்டுவிட்டார். "ஆமா அத்தை" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"நாளைக்குத்தானே டெஸ்ட்? யாரு சொன்னா தங்கிடுச்சுன்னு?"

"மூவாயிரம் தாண்டிடுச்சுங்க."

"ஏய், அது ஒரு கேம். எங்கம்மாகிட்டயா போய் சொன்ன? ரெண்டு தடவ என்னைய வாயத் தொறக்க விடல நீ. இப்ப ஒரு கேம நம்பி சொல்லிட்டியா?" அவர் என்னிடம் அப்படிக் குரலை உயர்த்தியதே இல்லை. "நாளைக்கு வேற மாதிரி வந்துச்சுன்னா நீயே போய் சொல்லு. என்னால முடியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்த மூவாயிரத்தை நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். போனை எடுத்து ஆட்டை அழித்தேன். அது அழிய இரண்டு நொடி ஆனது. அத்தையிடம் சொன்னதை அழிக்க அப்படி ஒரு பொத்தான் எங்கேயும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ரத்தம் கொடுத்தேன். மதியம் இரண்டரைக்கு நர்ஸ் கூப்பிட்டார். மிகவும் மென்மையாகப் பேசினார். இந்த முறையும் தங்கவில்லை, மருந்துகளை நிறுத்திவிடலாம், டாக்டரைப் பார்க்க நாள் குறித்துத் தரட்டுமா என்று கேட்டார். பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அழுதேன். ஆனால் முதல் இரண்டு முறை அழுத மாதிரி அழ முடியவில்லை. அழுகைக்கு நடுவே அத்தையின் பூஜை மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழந்தை இல்லை என்ற துக்கம் எனக்குப் பழகியது. ஒருவருக்கு இல்லாத குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கப் போகிறேன் என்பது புதிது.

சனிக்கிழமை காலை தனியாகவே ஆங் மோ கியோவுக்குப் போனேன். தானும் வருவதாகக் கணவர் கடைசி நிமிடத்தில் செருப்பு மாட்டினார். வேண்டாம், நான் வைத்த வினை, நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். லிஃப்டை விட்டு வெளியே வந்ததுமே பால் காயும் வாசனை. கதவு திறந்திருந்தது. அத்தை அடுப்பருகில் நின்றிருந்தார். மேடைமேல் சின்ன டப்பாவில் குங்குமப்பூ. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாலில் போட்டுக் கொடுப்பதற்காக நேற்றே லிட்டில் இந்தியா போய் வாங்கி வந்திருக்கிறார். ஆபரேஷன் ஆன முட்டியோடு பஸ் ஏறி இறங்கியிருக்கிறார்.

"வா வா. உக்காரு. இப்பதான் போட்டேன், கலர் எறங்கட்டும்."

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"பால் பொங்கிடும்மா, சொல்லு."

"தங்கல அத்தை."

அவர் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "என்ன சொல்ற? அன்னிக்கு டாக்டர் சொல்லிட்டாங்கன்னு சொன்னியே?"

"டாக்டர் சொல்லல. டெஸ்டே நேத்துதான் எடுத்தாங்க. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"பின்ன யாரு சொன்னா?"

தலையைக் குனிந்துகொண்டேன். "ஆடு."

"எந்த ஆடு?"

"உங்க போன்ல இருக்கே, அதே ஆடுதான். மூவாயிரம் தாண்டினா தங்கும்னு கோவில் வாசல்ல உக்காந்து அம்மன்கிட்ட கேட்டுக்கிட்டேன். தாண்டிடுச்சு. உடனே உங்களுக்குப் போன் போட்டுட்டேன்."

அத்தை என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவருடைய உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்த நேரத்தில் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "அந்த ஆடா?" என்றார். "அத நம்பியா? அடிப் பாவி! எனக்கு அது நூறே தாண்டாதேம்மா!" மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்தோம், எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அத்தை என்னை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இதான் முதல் தடவையா?"

"மூணாவது."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு முழுதாகப் போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆடு சொன்னத அன்னிக்கே போன் போட்டு சொன்ன. டாக்டர் சொன்னத ரெண்டு தடவையும் ஏம்மா என்கிட்ட சொல்லல?"

சந்தோஷத்தை மட்டும்தான் இந்த வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு உரிமை என்று எப்படியோ நினைத்திருந்தேன். தோற்றுப்போனதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதைத்தான் கடைசியில் சொன்னேன். "வெக்கமா இருந்துச்சு அத்தை. நீங்க ஒருநாள்கூட கேட்டதில்ல. எம்மேல கோவம்னு நெனச்சேன்."

"கேட்டா உனக்கு வலிக்கும்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். நீயா சொல்லுவன்னு இருந்தேன்." அவர் எழுந்து பாலை டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தார். மஞ்சள் நன்றாக இறங்கியிருந்தது. "குடி. இது மசக்கைக்காரிக்கு மட்டும்னு யாரும் எழுதி வைக்கல. குடிச்சிட்டு முதல் தடவையிலேர்ந்து சொல்லு. ஒண்ணையும் விடாத."

சொன்னேன். முதல் முறை நர்ஸ் கூப்பிட்டபோது நான் அலுவலகக் கழிவறையில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். இரண்டாவது முறை அதே ஞாயிறு இங்கே வந்து ஒன்றும் நடக்காதது மாதிரி மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனதைச் சொன்னேன். "அன்னிக்கு நீ ரெண்டாவது தடவ சோறு வாங்கல, எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அத்தை. மதியச் சமையலை இருவரும் மறந்துபோனோம். கடைசியில் கீழே கடைக்குப் போய் அவரே பிரியாணி வாங்கி வந்தார்.

சாப்பிடும்போது, ஏதோ பாசாருக்குக் காய்கறி வாங்கக் கூட வருகிறேன் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். "அடுத்த தடவ நானும் வர்றேன். உள்ள எல்லாம் வர மாட்டேன். வெளிய நாற்காலியில உக்காந்துக்கிறேன்."

"கருமுட்டை எடுக்கற அன்னிக்கு வாங்க அத்தை," என்றேன். "அன்னிக்குத்தான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்."

சொல்லி வாயை மூடிய பிறகுதான் கவனித்தேன். மூன்றோடு நிறுத்தலாம் என்று சொன்னவளே நான்தான், ஆனால் அடுத்த தடவை ஒன்று உண்டா என்று என்னிடம் யாருமே கேட்கவில்லை.